விபிஎன்னை அணைத்தேன், தெருவே நின்றது

எங்கள் கொங்குப் பக்கத்தில் புது மாப்பிள்ளை சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. அவன் முட்டாளாகவே இருந்தாலும் முதல் ஆறு மாதம் யாரும் அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள். என் விஷயத்தில் மூன்றாவது வாரத்திலேயே குட்டு உடைந்துவிட்டது.

கல்யாணமாகி மூன்றாவது வாரம் சோமனூரில் மாமனார் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தேன். வீட்டை ஒட்டியே தறி குடோன். எட்டு விசைத்தறிகள் விடிந்ததிலிருந்து தடதடக்கும். அந்த வாரம்தான் என் மனைவியின் தங்கை நந்தினி பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிப் பட்டியலைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. கடைசி நாள், மாலை ஐந்து மணி வரை நேரம். தவறினால் அவள் ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் படிப்பு போச்சு. அவள் பாட்டுக்குப் போனில் செய்யப் போனாள். நான் விட்டேனா?

"போன்லயா? இதெல்லாம் லேப்டாப்புல செய்யற வேலை. மூணு மணிக்கு வா, நான் பண்ணித் தாரேன்" என்றேன். (மாப்பிள்ளை என்றால் கொஞ்சம் கெத்து வேண்டாமா?)

மூன்று மணிக்கு, லேப்டாப்பை ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேர்த்து வைக்கும் விபிஎன்னைத் துண்டித்துவிட்டு உட்கார்ந்தேன். பிரவுசரின் நடுவில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிரவுசர் சேர்த்து வைத்திருந்த பழைய கேஷை அழித்தேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். ஒன்றும் பலிக்காததால் பழியை வெளியே தள்ளினேன்.

"தறி அதிர்றதுல வைஃபை சிக்னல் ஆடுதுங்க மாமா."

மாமனார் என்னை ஒரு கணம் பார்த்தார். "அப்படீங்களா? நிறுத்திப்போடலாமுங்க மாப்பிள்ளை."

எட்டுத் தறியும் நின்றன. வட்டம் நிற்கவில்லை. அப்படியென்றால் பக்கத்து வீட்டுத் தறியாக இருக்கும் என்றேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பி, "ஏனுங்க, நம்ம மாப்பிள்ளைக்கு ஒரு அவசரமுங்க" என்று வீடு வீடாகச் சொல்ல, கால் மணி நேரத்தில் தெருவே அடங்கிவிட்டது.

"மாமா, என் போன்ல..." என்று என்னிடம் ஆரம்பித்தாள் நந்தினி.

"சும்மா இரு அம்மணி. மாப்பிள்ளை பாத்துட்டிருக்காருல்ல" என்று மாமியார் அடக்கிவிட்டார்.

சோமனூரில் பட்டப்பகலில் ஒரு தெருவின் தறிகள் மொத்தமும் நின்றால், யாரோ போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம். நாலு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கின. மாமனாரின் பங்காளி ஒருவர் சூலூரிலிருந்து ரோஜா மாலையோடு வந்து, வீட்டில் யார் குறைகிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். தூரத்துச் சொந்தக்காரம்மா ஒருவர் மாமியாரைக் கட்டிக்கொண்டு அழ, வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று மாமியாரும் கூடச் சேர்ந்து அழுதார்.

இத்தனைக்கும் நடுவில் நான் ரெஃப்ரெஷ் அழுத்திக்கொண்டிருந்தேன். அழுகைச் சத்தத்தில் சிக்னல் ஆடுகிறது என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

மணி நாலே முக்கால். கூட்டத்தில் நிஜமாகக் கண் கலங்கியிருந்தது நந்தினி ஒருத்திதான். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. என் வறட்டு ஜம்பத்துக்கு ஒரு பெண்ணின் படிப்பையே காவு கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

"உன் போன்ல வருதான்னு பாரு கண்ணு" என்றேன், யாருக்கும் கேட்காத குரலில்.

"மூணு மணியிலிருந்தே வருதுங்க மாமா. அதே வைஃபைதானுங்க."

ஆறே நிமிடத்தில் பதிவு முடிந்தது. பிறகு என் லேப்டாப்பையும் வாங்கி, போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு, செட்டிங்ஸில் ஒரு பொத்தானைத் தள்ளினாள். பக்கம் பட்டென்று திறந்தது. விபிஎன்னை நான் துண்டித்தும், ஆபீஸ் ப்ராக்ஸி மட்டும் பிரவுசரை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் அது முதலில் ஆபீஸ் கதவைத் தட்டிவிட்டு, யாரும் திறக்காமல் காத்துக் கிடந்திருக்கிறது.

வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு மாமனார் மெதுவாகச் சொன்னார்: "தறி ஓடறப்பவே இங்க நெட்டு நல்லா வருமுங்க."

"தெரிஞ்சுமா மாமா நிறுத்துனீங்க?"

"நீங்க சொன்னீங்களேன்னுதானுங்க."

இன்றைக்கும் கரண்ட் போய் அந்தத் தெருத் தறிகள் நின்றால், "மாப்பிள்ளை வந்திருக்காருங்களா?" என்றுதான் விசாரிக்கிறார்கள். நந்தினி கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கிறாள். கல்யாணம் காதுகுத்து என்று எங்கே போனாலும், ஏன் அந்தப் படிப்பை எடுத்தாய் என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவள் பதில் சொல்கிறாள்:

"எங்க ஊட்டுல கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க ஒருத்தராச்சும் வேணுமில்லீங்க?"