எங்கள் வீட்டுச் செத்த காலேஜ்

பூச்சிக்கு எங்கள் அண்ணனைப் போல மரியாதை கொடுத்த மனிதன் சிவகாசிச் சீமையிலேயே கிடையாது. மரவட்டையைக் கண்டால் தாண்டமாட்டான், சுற்றித்தான் போவான். பட்டாசு லோடோடு லாரியில் மெட்ராஸ் போனவன், அங்கே ஜனங்கள் ‘செத்த காலேஜ்’ என்று சொல்லும் மியூசியத்தைப் பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து ஊருக்கே அவன் ‘காலேஜ்’.

தீப்பெட்டி ஆபீஸில் கழித்துப்போட்ட பெட்டிகளில், பெட்டிக்கு ஒரு பூச்சியை உயிரோடு குடிவைத்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் முற்றத்தில் கண்காட்சி. வந்தவர்கள் கண்ணைக் கட்டி, கையில் இருப்பது பாம்புச் சட்டையா வெங்காயத் தோலா என்று கேட்பான். மீசை வைத்தவர்களே அலறுவார்கள். பக்கத்து வீட்டு பீடி மாமா ஒருநாள் பழக்கதோஷத்தில் ஒரு பெட்டியைத் திறந்து, பார்க்காமலே மரவட்டையை எடுத்து உரசப் போய்விட்டார்.

“ஏலே காலேஜு, குச்சி நெளியுதுலே!”

“மெல்ல மாமா, அது பயந்துரும்!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. எனக்குக் காய்ச்சல் என்றால் “கசாயத்தக் குடி” என்பான். வண்டு இலை தின்னவில்லை என்றால் அவனும் சாப்பிடமாட்டான்.

ஆனால் அவன் புதிதாகப் பிடித்துவந்த பொன்வண்டுக்குக் கருவேல இலை பறித்தது நான். முள் கீறியது என் கையை. ஜனங்களுக்கு அதைத் திறந்து காட்டுவதும் நான்தான் என்று நினைத்திருந்தேன். அவனோ தெருக்கோடி தங்கக்காவைக் கூப்பிட்டான்.

“நான் காட்டுதேன்ணே.”

“நீ நம்ம வீட்டுப் பொம்பளப்புள்ள. அவுக விருந்தாளில்லா?”

பொன்வண்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்த் திறந்தேன். பொன்வண்டு பறந்துவிட்டது. பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

தங்கக்கா கூட்டத்துக்கு நடுவில் திறந்தாள். “என்னத்தக் காட்டச் சொல்றீக? உள்ள ஒண்ணுமில்லையே!”

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: “வெளிய போயிருக்கு. அடுத்த வாரம் வாங்க.”

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுவாரம் அந்தக் காலிப் பெட்டி முதல் வரிசையில் இருந்தது. மேலே, ‘பொன்வண்டு. வெளியே போயிருக்கிறது’ என்று எழுதி ஒட்டியிருந்தான்.

“இந்தா, இத நீயே காட்டு.”

அதன்பிறகு வாராவாரம் அதைத்தான் காட்டினேன். அதைப் பார்க்கத்தான் கூட்டமும் அதிகம்.

போன கார்த்திகையில் மூன்றே நாள் காய்ச்சலில் அண்ணன் போய்விட்டான். மற்ற பெட்டிகளையெல்லாம் நானே திறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பீடி மாமா மட்டும் வந்து, முற்றத்தில் சும்மா நின்றார்.

“என்ன தாயி, வந்துருச்சா?”

பெட்டியைத் திறந்து காட்டினேன்.

“இல்ல மாமா. வெளிய போயிருக்கு.”