பாப்பாவின் பீருக்கு எந்தச் சுருட்டு?

என் ஒரே மகளும் பீர் ஆலையின் தலைமைத் தயாரிப்பாளருமான பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும், வரிசையாக நிற்கும் உன் கொப்பரைகளும் சுகமாக இருக்கவேண்டும்.

உன் பார்சல் சனிக்கிழமை வந்தது. ஒரு பாட்டில், இரண்டு சுருட்டு, ஒரு சீட்டு. சீட்டைத்தான் நான்கு முறை படித்தேன். "அப்பா, ஹாப்ஸ் பூவைத் தாராளமா போட்ட கசப்பு பீர் இது. இதுக்கு வெளிர்நிறச் சுருட்டு சேருமா, கறுப்பா? உங்க மூக்கு சொல்றதையே பாட்டிலோட போற அட்டையில போட்டு வெள்ளிக்கிழமை அச்சுக்கு அனுப்பிடறேன்" என்று எழுதியிருக்கிறாய். நீ இந்த வேலையில் சேர்ந்த அன்று, "முப்பத்திரண்டு வருஷம் ஊருக்கு நல்ல தண்ணி குடுத்தவன் பொண்ணு, அந்தத் தண்ணியக் கெடுக்கப் போறாளா?" என்று வாசலில் நின்று கத்தியவன் நான். அதற்குப் பிறகு நீ அனுப்பிய பாட்டில்களை எல்லாம் திறக்காமலே திருப்பி அனுப்பியவனும் நான்தான். உன் அம்மா கடைசி வரைக்கும், "அவ செஞ்சதை ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுத் திட்டுங்களேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கேட்கவில்லை.

சரி, அறிக்கைக்கு வருகிறேன். என் தகுதி உனக்குத் தெரியும். குடிநீர் வாரியப் பரிசோதனைக்கூடத்தில் தினமும் காலை ஒரு வாய் தண்ணீரை நாக்கில் உருட்டித் துப்பிவிட்டு, "மணம்: ஆட்சேபணை இல்லை. சுவை: ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்துப் போட்டவன். ஒன்றுமே தெரியாமலிருந்தால்தான் எங்கள் தொழிலில் முதல் மார்க்கு. அதே முறைப்படி ஞாயிறு பிற்பகல் ஜன்னலோரம் மேஜை போட்டு, வாரியத்தில் பிரிவுபசாரத்துக்குக் கொடுத்த அளவுக் குழாயில் உன் பீரை ஊற்றினேன். நூறு மில்லி ஊற்றினால் முந்நூறு மில்லி நுரை வருகிறது, இதை நீ சீட்டில் எழுதியிருக்க வேண்டாமா? நுரை மேஜையைத் தாண்டி என் ஓய்வூதியப் புத்தகத்தில் இறங்கியது. அதைத் துடைக்க எழுந்தேன். சுருட்டின் நுனியை வெட்ட வேண்டுமாமே, எந்த நுனி என்று தெரியாமல் இரண்டையும் நகவெட்டியால் வெட்டிவிட்டேன். பற்றவைத்து ஓர் இழுப்பு இழுத்ததில் இருமல் வந்து, மூக்குக்கண்ணாடி மேஜையில் தேங்கியிருந்த பீரில் விழுந்தது. கண்ணாடியை எடுக்கும்போது சுருட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். பிறகு ஒரு வாய் குடித்தேன், இன்னொரு வாய் குடித்தேன், யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டுத் தையல்காரர் கதவை இடித்துக்கொண்டு வந்தார். "சார், பருத்தித் துணி கருகுற நாத்தம் கீழ வரைக்கும் அடிக்குது, நீங்க என்னடான்னா பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க!" பார்த்தால், திரைச்சீலையின் கால்வாசி இல்லை. மிச்ச பீரை எடுத்து அதன்மேல் ஊற்றப் போனேன். "அதை ஏன் சார் வீணாக்கறீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, அவரே குடத்துத் தண்ணீரைக் கொட்டி அணைத்தார். ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, மரியாதைக்கு ஒரு டம்ளர் பீரும், இரண்டு சுருட்டிலும் இரண்டு இழுப்பும் கொடுத்து அனுப்பினேன். சந்தோஷமாகப் போனார்.

இனி என் தீர்ப்பு. உன் பீர் முதலில் மாத்திரையை மென்றதுபோல் கசந்து, பிறகு ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிய மணத்தோடு தெளிகிறது. கறுப்புச் சுருட்டு அந்த மணத்தை அமுக்கிவிடுகிறது. வெளிர்நிறம்தான் அதற்கு வழிவிட்டு நிற்கிறது. வெளிர்நிறத்தையே அட்டையில் போடு. ஆட்சேபணை இல்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உன் நுரை குறையாமல் பொங்கட்டும், உன் கை சுடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: அட்டையை அச்சுக்கு அனுப்பிவிடாதே. தீர்ப்பில் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை, எல்லாம் தையல்காரர் சொன்னது. மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் என் மூக்கையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நான்கு வருஷம் வீம்பு பிடித்துவிட்டு, குடித்துப் பார்ப்போம் என்று உன் பாட்டிலைத் திறந்தால், எனக்கு அது வெறும் தண்ணீர். மன்னித்துவிடு பாப்பா. இன்னொன்று. உன் அம்மாவின் தலையணை உறையை நான் இன்னும் துவைக்கவில்லை. தினமும் எடுத்து முகர்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. வாசனை போனது உறையிலிருந்தா, என்னிடமிருந்தா என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து முகர்ந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. உன் மூக்கு சொன்னால் நான் நம்பிக்கொள்கிறேன்.