நான் உருவாக்கிய ஆஸ்பத்திரி முதலாளி

மொழிபெயர்க்கிறவனுக்கு நல்ல மனசு இருக்கவே கூடாது. எனக்கு இருந்து தொலைத்தது.

தொண்ணூறுகளின் நடுவில், ஆங்கில எம்.ஏ. முடித்துவிட்டு பேட்டையில் ஒரு டுடோரியலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். (மாணவர்கள் ஒன்பது பேர், மழை பெய்தால் நான்கு.) சீவலப்பேரிக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கவுன்சிலர் வருகிறார், அவர் பேச்சை மேடையில் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். இருந்த ஒரே வெள்ளைச் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வந்தவர் பெயர் லீலா. அவருடைய அப்பா அந்த ஊர்க்காரர். கப்பலில் சமையல் வேலைக்குப் போய் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டவர். மகள் அங்கேயே பிறந்து, தேர்தலில் நின்று, ஒரு நகரத்தின் கவுன்சிலர் ஆகியிருந்தார். தமிழில் 'அத்தை', 'சோறு' இரண்டும்தான் தெரியும். வந்ததும் அத்தைக்காகத்தான். அப்பா அங்கே படுத்த படுக்கை. தங்கை செண்பகத்தின் குரலை ஒருமுறை கேட்க வேண்டும் என்கிறார். பெற்ற தாயின் சாவுக்கு வராத அண்ணனோடு செண்பகத்தம்மாளுக்கு இருபது வருடமாகப் பேச்சில்லை. அத்தை மனம் இளகினால் அப்படியே பதிவு செய்துவிடலாம் என்று, லீலா டேப்ரெக்கார்டரை ஓடவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

அப்பா ஆஸ்பத்திரியில் கக்கூஸ் கழுவினார் என்பதுதான் முதல் வாக்கியம்.

மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கிற சபையில் இதையா சொல்வது? அவர் மானத்தைக் காப்பது என் கடமை என்று பட்டது. “இவருடைய தந்தையார் ஒரு மருத்துவமனையை நிர்வகித்தார்” என்றேன். கைதட்டல். ருசி கண்டுவிட்டேன். அம்மா ஓட்டலில் துணி வெளுத்தார் என்றதும் அந்த ஓட்டலையே அவருக்கு எழுதிவைத்தேன். அடுத்து லீலா கண்கலங்கி, லீவு கேட்டால் வேலை போய்விடும், அதனால்தான் பாட்டியின் சாவுக்கு அப்பா வரவில்லை என்றார். முதலாளிக்கு யார் லீவு கொடுப்பது? “பொறுப்புகள் அதிகம், வர நேரமில்லை” என்று முடித்துவைத்தேன்.

முன்வரிசையில் செண்பகத்தம்மாள் எழுந்தார்.

“சொந்தமா ஆஸ்பத்திரி வச்சிருக்கவனுக்குப் பெத்தவ மொகத்தப் பாக்க நேரமில்லையாக்கும்? என் குரல அவன் கேக்கவே வேண்டாம்.”

வாசலைப் பார்த்து நடந்தார். லீலா என் கையைப் பிடித்து, அத்தை ஏன் போகிறார், என்ன சொன்னாய் என்று கேட்டார். ஒத்துக்கொண்டால் ஊர் என்னை ஆற்றில் தூக்கிப் போடும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த மனிதர் தங்கை குரலைக் கேட்காமலே கண்ணை மூடுவார். டேப் ஓடிக்கொண்டே இருந்தது.

“எம்மா, போயிராதீங்க” என்றேன் மைக்கில். “நான் சொன்னது பொய். அவுக ஆஸ்பத்திரியில கக்கூஸ் கழுவுனாவ. லீவு கேட்டா வேல போயிருமாம். அதான் வரல.”

செண்பகத்தம்மாள் வாசலிலேயே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு ஒரு வயது கூடியது. பிறகு திரும்பி வந்து மேடையேறி, என்னைப் பார்க்காமல், டேப்ரெக்கார்டர் முன்னால் குனிந்தார்.

“அண்ணே, இத ஒரு கடுதாசியில எழுதப்பிடாதா?”

அதற்கு மேல் அழுகைதான் வந்தது. நானும் அழுதேன். (அடி விழாத நிம்மதியும் அதில் கலந்திருந்தது.)

இரண்டு மாதம் கழித்துப் பதில் கேசட் வந்தது. தங்கையிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு, பெரியவர் எனக்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தார்: “என்னய முதலாளி ஆக்குன பயகிட்டச் சொல்லு. நான் பாத்த வேல இங்கன இன்னும் காலியாத்தான் கெடக்கு.”

அந்தக் கேசட்டைக் கேட்கப் போன வீட்டில்தான் பிற்பாடு பெண் எடுத்தேன். இன்றும் நான் குளியலறையைக் கழுவும்போது போன் வந்தால், செண்பகத்தம்மாளின் மகள் நிதானமாகச் சொல்லுவாள்: “அவுக ஆஸ்பத்திரிய நிர்வாகம் பண்ணிட்டு இருக்காவ. பொறவு கூப்பிடுங்க.”