ஒரு ஏத்தன்குலை அகலம்

மதில் விசாரணைக்கு வந்திருந்தவர்கள்: தாசில்தார், சர்வேயர், மதிலைக் கட்டிய பங்களாக்காரர், எங்கள் தெருவார் இருபத்தாறு பேர், அவர்களோடு நான். வராதவர் ‘இருக்கலாம்’ அண்ணன் மட்டும். குழித்துறைப் பக்கம் பழக்கடை போட்டுக்கொண்டு உண்மை மட்டுமே பேசியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். மறுப்பவர்கள் மறுக்கட்டும்.

பழம் இனிக்குமா என்று கேட்டால், “இருக்கலாம். இதுக்க பக்கத்துல இருந்ததத்தான் நான் தின்னேன். அது இனிச்சுது” என்பார். மழை பெய்கிறதா என்று போனில் கேட்டால், கடை வாசலில் பெய்கிறது, உங்கள் வீட்டு நிலவரம் தெரியாது என்பார். ஒரு மாப்பிள்ளையைப் பற்றி அவரிடம் விசாரித்தார்கள். பையன் பழத்தை மூன்று முறை அழுத்திப் பார்த்தான், அதற்குமேல் தெரியாது என்றார். கல்யாணம் ஆறு மாதம் தள்ளிப்போனது.

எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு இருந்த ஒரே குறுக்குப் பாதையைத்தான் பங்களாக்காரர் மதில் வைத்து அடைத்திருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மூன்று கிலோமீட்டர் சுற்றி நடந்தார்கள். என் வீட்டில் முதலில் படித்தவன் நான். அந்தத் தெம்பில் எல்லாருடைய வாக்குமூலத்தையும் நானே எழுதினேன். இருபத்தாறுக்கும் ஒரே வாசகம்: ‘இவ்வழியே காலங்காலமாகக் காரும் வண்டியும் போய்வந்தன.’ எனக்கே புல்லரித்தது.

அண்ணன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். “காலங்காலமான்னா எப்பம் தொட்டு மக்கா? எனக்கு அம்பத்தாறு வயசு. நான் அதுல காரைப் பாத்ததில்ல.”

துரோகி என்று திட்டிவிட்டு வந்தேன்.

விசாரணையில் தாசில்தார் அந்தத் தாள்களைப் புரட்டினார். எந்தக் கார், யாருடையது என்று கேட்டார். இருபத்தாறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மதிலைப் பார்த்தேன்.

அப்போதுதான் அண்ணன், சுற்று வழியே வந்து, தோளில் ஏத்தன் வாழைக்குலையோடு நின்றார். தெரிந்ததைச் சொல்லச் சொன்னார் தாசில்தார்.

“தினமும் காலத்த விடிஞ்ச ஒடனே, வாழவிளையில வெட்டின ஏத்தன்குலையத் தோள்ல குறுக்க வச்சு இதுலதான் வருவேன். எதிர ஆள் வந்தா சரிஞ்சு நிக்கணும். காம்பு பாதைக்க இடப்பக்கத்துக் கல்லுல ஒரசும். மதிலுக்கு உள்ள எட்டிப் பாத்தா கறை கிடக்கும்.”

பங்களாக்காரர் குரலைத் தாழ்த்தினார். “யோசிச்சுப் பேசும் வே. ஒமக்க கடை எனக்க கட்டடத்துலயாக்கும்.”

“கடை ஒமக்க கட்டடத்துல இருக்கு. அது உள்ளது. பாதை இங்க இருந்துது. இதும் உள்ளது. அதுக்காவ இது இல்லாம போவுமா?”

சர்வேயர் மதிலேறி எட்டிப் பார்த்தார். கல்லில் வாழைக்கறை கறுத்துக் கிடந்தது. மதிலை இடிக்க உத்தரவு வந்தது, ஒரு குலை அகலத்துக்கு மட்டும். கார் வராது, ஆட்டோவும் வராது. நடக்கிறோம். இனி யார் அடைக்கிறார்கள், பார்த்துவிடுவோம்.

அந்த மாதமே அண்ணனைக் கடையிலிருந்து இறக்கினார்கள். வருத்தமா அண்ணே என்று கேட்டேன். “இருக்கலாம்” என்றார்.

பாதை முகப்பிலேயே தெரு சேர்ந்து அவருக்கு வேறு கடை பிடித்தோம். அதற்குக் கொடுத்த அட்வான்ஸை நானே மூன்று முறை எண்ணிப் பார்த்தேன், அதனால் துணிந்து சொல்கிறேன்: பதினோராயிரத்து நானூறு ரூபாய்.