ஆவடி வெயிலில் ஒரு கம்பளி

ஆவடியில் வெயிலுக்குப் பயப்படாத ஜீவன்கள் இரண்டே இரண்டு. ஒன்று, எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற வேப்பமரம். இன்னொன்று, உல்லன் அண்ணாச்சி.

எண்பதுகளின் நடுவில், கல்யாணமான கையோடு நான் அங்கே குடிபோனேன். பக்கத்து வீட்டு ஜன்னலில் முதன்முதலில் கண்ட காட்சி இன்னும் மறக்கவில்லை. மே மாதம், பகல் மூன்று மணி. வெற்றுடம்பும் தலையில் ஈரத் துண்டுமாக ஒரு மனிதர், கொக்கி வைத்த குரோஷா ஊசியால் உல்லன் நூலில் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"குளிர்காலத்துக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இல்ல தங்கச்சி, இப்பத்துக்குத்தான்" என்றார்.

திருநெல்வேலிக்காரர். தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் வேலை. அளவு தப்பிய சாமான்மீது சிவப்புச் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்புவது உத்தியோகம். அந்தப் புத்தி வீடு வரைக்கும் வந்துவிட்டது. நான் ஆசையாகக் கொண்டுபோன இட்லியை உள்ளங்கையில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "ஒரு பக்கம் தூக்கலா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் காலி செய்தார். கிறிஸ்துமஸுக்கு மாதா கோயிலில் கட்டிய காகித நட்சத்திரம் கோணலாக இருக்கிறதென்று ஏணி போட்டு ஏறி, கீழே நின்று ஃபாதர் கெஞ்சக் கெஞ்ச, அதை அவிழ்த்தே விட்டார்.

கம்பளி மட்டும் தப்புமா? அதில் ஜடை ஜடையாக டிசைன் விழ வேண்டும். சில நூல் கண்ணிகளைத் தாண்டிப்போய் முன்னால் பின்னி, திரும்பி வந்து, விட்டுப்போன கண்ணிகளைப் பின்ன வேண்டும். அப்போதுதான் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கயிறு முறுக்கியது போல் புடைத்து நிற்கும். எங்கேயாவது ஒரு முறுக்கு திசை மாறினால் அண்ணாச்சி "ரிஜெக்ட்" என்பார். அந்த இடம் வரைக்கும் அத்தனையும் சரசரவென்று உருவிவிடுவார். நூல் வாங்கப் பூந்தமல்லிக்கு சைக்கிள் மிதிப்பார். கத்திரி வெயிலில் வந்து உல்லன் கேட்கிற மனிதரைக் கடைக்காரர் எப்படிப் பார்த்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நானும் பைத்தியம் என்றுதான் நினைத்தேன், அவர் மனைவி ரோஸி அக்காவோடு பழகும் வரைக்கும்.

அக்கா குன்னூர்க்காரர். கனத்த கம்பளிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகி ஆவடிக்கு வந்த நாளிலிருந்து சரியான தூக்கமில்லை. "மேல கனமா ஒண்ணும் இல்லன்னா நான் பறந்து போயிடுவேன் போல இருக்கும்மா" என்று என்னிடம் சொல்வார். மாத்திரை, பால், மந்திரித்த கயிறு எதுவும் பலிக்கவில்லை. ஜமக்காளம் குத்தியது. கடைசியில், சின்ன வயதில் கான்வென்டில் போர்த்திக்கொண்ட ஜடைக் கம்பளியைப் பற்றி அக்கா சொல்லியிருக்கிறார். தனக்குத் தெரிந்த குரோஷாவையும் புருஷனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

கம்பளி இடுப்பளவு வளர்ந்தபோது அதிசயம் நடந்தது. ஒரு மத்தியானம் அக்கா அதைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் படுக்க, அண்ணாச்சி கால்மாட்டில் உட்கார்ந்து மறுமுனையைப் பின்ன, அக்கா தூங்கிவிட்டார். ஊசி ஒவ்வொரு தடவை நூலை இழுக்கும்போதும் கம்பளி லேசாக அசையும். தொட்டிலை ஆட்டுகிற மாதிரி. கையை நிறுத்தினால் அக்கா விழித்துக்கொள்வார். அதனால் காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் அண்ணாச்சி நிறுத்தாமல் பின்னினார். ஜன்னலில் நனைத்த கோணி தொங்கும், மேஜை விசிறி முனகும். அந்த அறைக்குள் போனால் எனக்கே கண் சொக்கும்.

அப்படித்தான் கம்பளி அக்காவின் கால் வரைக்கும் வந்த சமயம், குன்னூரிலிருந்து அக்காவின் அண்ணன் வந்து இறங்கினார்.

"என் தங்கச்சி துரும்பா இளைச்சுட்டா, மாப்ளே. ராத்திரி வண்டிக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க தூக்கம் வந்துச்சுன்னா அங்கயே இருக்கட்டும்."

அண்ணாச்சி பரண்மேலிருந்து பெட்டியை இறக்கிவைத்தார். அக்கா அதில் துணியை அடுக்கினார். "ஆட்டோ வர்ற வரைக்கும் கொஞ்சம் சாயறேன்" என்று படுத்தார். அண்ணாச்சி கால்மாட்டில் உட்கார்ந்து ஊசியை எடுத்தார். சிறிது நேரத்தில் அக்காவின் மூச்சு சீராக வந்தது. அண்ணன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோக்காரர் வந்து வாசலில் நின்றார். "இன்னா சார், கெளம்பலியா? டைம் ஆவுது."

வழியனுப்ப வந்திருந்த நான் உதட்டில் விரலை வைத்தேன். "தூங்குறாங்கப்பா."

அவர் எட்டிப் பார்த்தார். "இந்த வெக்கையில கம்பிளி போத்திகினா? ஒடம்பு சரியில்லியாக்கா?"

"இப்பதான்ப்பா சரியாயிட்டிருக்கு."

அந்த நேரம் பார்த்து நூல் தீர்ந்தது. கடைசி உருண்டையின் வால் தரையில் ஊர்ந்து வந்து அண்ணாச்சியின் மடியில் ஏறுவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? பூந்தமல்லிக்கா பறக்க முடியும்?

அவர் ஊசியை உருவினார். கடைசி வரிசையைப் பிரித்தார். அந்த நூலாலேயே திரும்பவும் பின்னினார். மறுபடி பிரித்தார். மச்சான் எதிரே உட்கார்ந்திருந்த படபடப்பில் கண்ணிகள் தப்ப, பின்னியதைவிடப் பிரித்ததே அதிகமாகிக்கொண்டு போனது. அப்பழுக்கில்லாத ஜடையை அவர் உருவியதை அன்றைக்குத்தான் கண்டேன். கோணியிலிருந்து சொட்டிய தண்ணீரும் விசிறியின் முனகலும் எங்கேயோ தூரத்தில் கேட்டன. முதலில் அண்ணனின் தலை சாய்ந்தது. அப்புறம் நிலைப்படியில் குந்தியிருந்த ஆட்டோக்காரர். நானும் சுவரில் சாய்ந்தபடி, மலைமேகத்துக்குள் போவது போலத் தூங்கிப்போய்விட்டேன்.

ராத்திரி பத்து மணி ஷிப்ட் சங்கு ஊதியபோது எல்லோரும் ஒரே சமயத்தில் விழித்தோம். ரயில் போயிருந்தது. அக்கா எழுந்து உட்கார்ந்து தன் காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே கம்பளி இல்லை.

"கால் வரைக்கும் இருந்துச்சே?"

"ஜடை கோணல். ரிஜெக்ட் ஆயிட்டு" என்றார் அண்ணாச்சி, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அக்கா தரையைப் பார்த்தார். பிரித்த நூல் சுருள் சுருளாகக் குவிந்து கிடந்தது. புது உருண்டை ஒன்றுகூட இல்லை. பிறகு புருஷனின் கையை எடுத்துப் பார்த்தார். ஊசி பிடித்த விரல் சிவந்து கன்றியிருந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணா, நீங்க மட்டும் போயிட்டு வாங்க. அடுத்த தடவை வரும்போது நூல் வாங்கிட்டு வாங்க. நிறைய வேணும்."

நாங்கள் அந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற வரைக்கும் அந்தக் கம்பளி முடியவில்லை. முடிந்துவிடக் கூடாது என்று மாதா கோயிலில் நானும்கூட ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.