மிரானின் கோழிக்கடையை நாங்கள் காப்பாற்றிய விதம்

மொக்போ,
டிசம்பர், பனி விழும் ஒரு புதன்கிழமை

எனக்குப் பின்னால் பிறந்தும் என்னை முந்திக்கொண்டு பரலோகத்தில் ஜன்னலோர இடத்தை முன்பதிவு செய்துவிட்டவரும், தேகு நகரத்துச் சபையின் கனம் பொருந்திய போதகருமான அன்புத் தம்பி இன்ஹோவுக்கு,

அண்ணன் மா இன்சொக் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் கர்த்தருடைய கிருபையால் நலம். என் இடது முழங்கால் மட்டும் கிருபைக்கு வெளியே வீங்கிக் கிடக்கிறது. அதற்குக் காரணம் நீ.

இலையுதிர்காலக் கூட்டத்துக்கு எங்கள் சபைக்கு வந்தாய். "விசுவாசம் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடுவதற்கா? எழுந்துபோய்ச் சோர்ந்துபோன ஒருவரைத் தூக்கி நிறுத்துங்கள்!" என்று பிரசங்க மேடையைக் குத்தினாய். மறுநாள் காலை ரயிலேறிப் போய்விட்டாய். குத்து வாங்கிய நாங்கள்தான் மாட்டிக்கொண்டோம். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கத் தலைவி சுங் அம்மாள் எழுந்து, "சோர்ந்துபோனவங்க யாரு? கையைத் தூக்குங்க!" என்று அதட்டினார். ஒருவரும் தூக்கவில்லை. சோர்ந்தவனுக்குக் கை எங்கே எழும்பும்? கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து, அன்றைக்கு வராத ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தோம். அவள்தான் பாங் மிரான்.

மிரானுக்கு ஐம்பது வயது. துறைமுகத் தெருவில் பொரித்த கோழி விற்கிறாள். கடையை ஆரம்பித்த அவள் கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எதிர்ப்பக்கத்திலேயே விளக்கும் பாட்டுமாகப் பெரிய கோழிக்கடை ஒன்று முளைத்தது. மிரான் பாடகர் குழுவுக்கு வருவதை நிறுத்தினாள். தெருவில் எங்களைக் கண்டால் சந்துக்குள் புகுந்துகொண்டாள். இப்படி ஒருத்தி கிடைத்தால் எங்கள் சபை விடுமா?

முதலில் ஜெபித்தோம். அதுவும் கடை வாசலில், சாப்பாட்டு நேரத்தில், கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, கைகளை உயர்த்திச் சத்தமாக. உள்ளே நுழைய வந்த மாலுமிகள் இரண்டு பேர் எழவு வீடு என்று நினைத்துக் குனிந்து வணங்கிவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். சரி, செயல்தான் முக்கியம் என்று நாங்களே தின்னத் தொடங்கினோம். மதியம் கோழி, ராத்திரி கோழி. எங்கள் பொருளாளருக்கு உப்புசம் வந்து, காணிக்கைப் பாட்டின் நடுவே சபையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம் எழுப்பினார். பாவம், அவர் அதை "ஆமென்" என்று சொல்லி மூடி மறைக்கப் பார்த்தார். "கோழியைப் படைச்சது கர்த்தர். அதுக்காகத் தினமுமா தின்னணும்?" என்று உன் அண்ணி என்னைத் தனிக் கட்டிலில் போட்டுவிட்டாள். மிரானோ ஒவ்வொரு நாளும் இன்னும் வாடிப்போய்த்தான் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் அதை நன்றியுணர்ச்சி என்று எடுத்துக்கொண்டோம்.

அப்புறம்தான் கோழி வேடம் வந்தது. சுங் அம்மாள் எங்கிருந்தோ ஒரு மஞ்சள் கோழி உடையை வாடகைக்கு எடுத்து வந்து, "மூப்பரே, உங்களுக்குத்தான் இந்தத் தொப்பை பொருந்தும்" என்றார். துறைமுக அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, சபையில் மூப்பராக இருப்பவன் நான். என் கையெழுத்துக்காகக் கப்பல்கள் காத்திருந்தன. அப்படிப்பட்டவன் தெருமுனையில் சிறகடித்து ஆடினேன். ஆடிய கொஞ்ச நேரத்தில் மீன்காரர் வீட்டு நாய் அவிழ்த்துக்கொண்டு வந்தது. நான் மனுஷன் என்று அதனிடம் எப்படிச் சொல்வது? ஓடினேன். பனிக்கட்டியில் வழுக்கி, இடது முழங்கால் மடங்க, மிரான் கடை வாசலிலேயே மல்லாந்தேன். நாய் என் வாலைக் கவ்வியது.

மிரான் விளக்குமாற்றோடு ஓடிவந்து நாயை விரட்டினாள். கோழித் தலையைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே நான். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்து அழுதாள்.

"மூப்பரய்யா, ஒரு உதவி பண்ணுவீங்களா?"

"சொல்லும்மா. என்ன வேணும்னாலும்."

"உதவி பண்றதை நிறுத்துங்க."

எனக்கு முழங்கால் வலி மறந்துபோயிற்று.

"கோழி பொரிக்கிறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காதுங்க. இது அவர் ஆசைப்பட்டு வெச்ச கடை. நான் ரகசியமா பஸ் ஓட்ட லைசென்ஸ் எடுத்திருக்கேன். டவுன் பஸ்ல வேலையும் குடுத்துட்டாங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சரின்னு சொல்லணும். ஆனா கடையை மூடினா அவரை ரெண்டாந்தடவை புதைக்கிற மாதிரி இருக்கு. அதோட நீங்க எல்லாரும் வயித்தைக் கெடுத்துக்கிட்டு இவ்வளவு பாடுபடுறீங்க. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மூடுறேன்னு சொல்வேன்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, தம்பி. நாங்கள் தூக்கி நிறுத்துகிறோம் என்று நினைத்து அந்தப் பெண்ணின் தோள்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறோம். "உன் புருஷன் உன்னை நேசிச்சாரு. எண்ணெய்ச் சட்டியை இல்லை" என்றேன். "போன் எங்கே? இப்பவே சரின்னு சொல்லு. சபைக்காரங்களை நான் பார்த்துக்கிறேன்."

அவள் எண்களை அழுத்தினாள். நான் அடுப்பை அணைத்தேன்.

சுங் அம்மாளிடம் சொன்னபோது, "அப்போ கோழிக்கடைக்காக அச்சடிச்ச நோட்டீஸை என்ன பண்றது?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு அந்த நோட்டீஸ் கட்டைத் தானே தூக்கிக் குப்பையில் போட்டார். எங்கள் சபை சரித்திரத்தில் அது ஒரு அதிசயம். மறுநாள் தன் பெண்கள் சங்கத்தையே கூட்டிக்கொண்டு போய், சுவரில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை முழங்கால் போட்டுத் தேய்த்துக் கழுவினார். பெயர்ப்பலகையை இறக்கியபோது மிரானைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான்.

எனவே, இன்றோடு என் ஊக்கமூட்டும் ஊழியத்தை ராஜினாமா செய்கிறேன். இனி யாராவது சோர்ந்துபோனால் நிம்மதியாகச் சோர்ந்துகொள்ளட்டும். நான் வீட்டில் அடியில் சூடேற்றிய தரையில் போர்வைக்குள் படுத்தபடியே அவர்களுக்காக ஜெபிப்பேன். நீயும் இந்தப் பக்கம் வந்தால் சாப்பிடு, தூங்கு, பிரசங்கம் மட்டும் பண்ணாதே.

உன் மனைவி மக்களுக்கு என் ஆசி. கர்த்தர் உன் ஆயுளை நீட்டி, உன் பிரசங்கங்களைச் சுருக்குவாராக.

அண்ணன்,
மா இன்சொக்

பி.கு.: ராஜினாமாப் பத்தியை நம்பாதே. எழுத்து ஏன் இப்படிக் குதிக்கிறது என்று கேட்பாய். மிரானுக்கு இன்று முதல் நாள் வேலை. காலையிலிருந்து அவள் பஸ்ஸில் அவளுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அவள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒழுங்காக நிறுத்தும்போதெல்லாம், கடைசி சீட்டிலிருந்து சுங் அம்மாளும் பாடகர் குழுவும் கைதட்டுகிறார்கள். சற்றுமுன் மிரான் மைக்கில், "கைதட்டுறவங்களும், எனக்குப் பின்னாடி உட்கார்ந்து எழுதிக்கிட்டே 'பிரேக், பிரேக்'னு முணுமுணுக்கிற மூப்பரய்யாவும் இங்கேயே இறங்கிடுங்க. வேலைக்குப் போறவங்க நிக்கிறாங்க" என்று அறிவித்தாள். இறங்கிவிட்டோம். இப்போது பனியில் நிற்கிறோம். பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு இதே வழியாகத்தான் திரும்பி வரும். ஏறத்தான் போகிறோம்.