அறுபத்தோரு கிலோவில் நின்ற மனிதர்

எடை பார்க்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது என்றுதான் டாக்டர் ஒடிலியா முதலில் நம்பினாள். டான் ஹெர்மிலோவை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறிப் பார்த்தாள். இயந்திரம் அவள் எடையைக் கூச்சநாச்சமில்லாமல் சொன்னது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அவரை மறுபடி ஏற்றினாள்.

அறுபத்தோரு கிலோ இருநூறு கிராம்.

மூன்று வாரத்துக்கு முன்பும் அதேதான்.

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா டாக்டர்?" என்றார் டான் ஹெர்மிலோ, தொப்பியை மார்போடு அணைத்தபடி.

"நாங்க குடுத்தனுப்புறதைச் சாப்பிடறீங்களா, இல்லையா?"

"டப்பா தினமும் காலியாத்தானே திரும்பி வருது?"

அது உண்மைதான். டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது.

புவெப்லா நகரத்தில் பாதிப் பேர் இளைப்பதற்கு வழி தேடிக்கொண்டிருக்க, ஒடிலியாவின் வேலை மனிதர்களைக் குண்டாக்குவது. பத்து ஒல்லியான ஆட்கள், எட்டு வாரம், தினமும் வழக்கத்தைவிட ஆயிரம் கலோரி கூடுதல். ஆளுக்கு மூன்று கிலோவாவது ஏற வேண்டும். தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை, தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி போட்டுப் பட்டாணி அளவு கொழுப்பை எடுப்பார்கள். கொழுப்பு செல் வீங்குகிறபோது அதன் சுவரில் இருக்கும் ஒரு புரதம் கதவைத் திறந்துவிடுகிறது என்பது ஒடிலியாவின் கணிப்பு. கதவு திறந்தால் கொழுப்பு தன் இடத்தில் அடங்கிக் கிடக்கும். திறக்காவிட்டால் ஈரலில் போய்க் குடியேறும், பின்னாலேயே சர்க்கரை நோய் வரும். அவளுடைய அம்மாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வைத்தது அந்த நோய்தான். அம்மா போய் நான்கு வருடம் ஆகியும் ஒடிலியாவுக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

ஒன்பது பேர் சொன்ன பேச்சுக் கேட்டுக் குண்டாகிக்கொண்டிருந்தார்கள். பத்தாவது ஆள்தான் அசையவில்லை.

"பத்துப் பேர்னு சொல்லித்தான் மானியம் வாங்கியிருக்கோம்," என்றார் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் டாக்டர் அர்ரியாகா. "ஒன்பது பேர்தான் தேறினாங்கன்னா அடுத்த வருஷத்துக்குத் தர மாட்டாங்க. உன் ஒப்பந்தம் டிசம்பரோட முடியுது ஒடிலியா. அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"நேரமாச்சு, இனிமே பதினோராவது ஆளைப் பிடிக்க முடியாது டாக்டர்."

"அப்ப இவரை ஏத்து."

ஊர் மரியாதையாக 'டான்' என்று அழைக்கும் ஹெர்மிலோ, குடிமைப் பதிவு அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழுக்கு முத்திரை குத்துகிறவர். இருபத்தாறு வருடமாக ஒரே நாற்காலி. ஓட்டம், நடை என்று எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. யார் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாதவர். ஏதோ ஒரு நகல் வாங்கப் போன ஒடிலியா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய குச்சி மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "ஒரு ஆராய்ச்சி இருக்கு, வர்றீங்களா?" என்று கேட்டாள். "அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு," என்றார். இருபத்திரண்டு பக்க ஒப்புதல் படிவத்தை நீட்டியபோது நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்திட்டார். வாழ்நாள் முழுக்கப் பிறரை அப்படித்தான் கையெழுத்திட வைத்திருந்தார்.

ஒடிலியா டப்பாவைப் பெரிதாக்கினாள். பொரித்த இறைச்சியும் அவகாடோவும் பாலாடைக்கட்டியும் திணித்த எள்ளு ரொட்டி இரண்டு, அதோடு இனிப்பு ரொட்டி மூன்று, ஒரு பாட்டில் சோளக்கஞ்சி. நான்காம் வாரம் எடை பார்த்தாள். அறுபத்தொன்று இருநூறு.

மறுநாள் பதினோரு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் பதிவு அலுவலகத்துக்குப் போனாள்.

டான் ஹெர்மிலோ டப்பாவைத் திறந்தார். திறந்த கையோடு நாலு பக்கமும் பார்த்து, "வாங்க, சாப்பிடலாம்," என்றார். பொட்டலத்தைப் பிரித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடாமல் சாப்பிடுகிறவனை அந்த ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். கூப்பிட்டால், "நீங்க நல்லாச் சாப்பிடுங்க," என்று மறுப்பதுதான் மற்றவர்களின் முறை. அந்த அலுவலகத்தில் நான்கு வாரமாக அந்த முறையை எல்லோரும் மறந்திருந்தார்கள். எட்டு நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

இறப்புச் சான்றிதழ் பிரிவின் சென்யோரா ரெஃபுஹியோ வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அவள் சட்டையில் இரண்டு பொத்தான்கள் தெறித்துப்போன இடத்தில் ஊக்கு இருந்தது.

"அந்த டப்பா உங்க கைங்கரியமா டாக்டர்? நல்லா இருப்பீங்க. நாளைக்கு மட்டும் அவகாடோ கொஞ்சம் தூக்கலா வையுங்க."

"அது டான் ஹெர்மிலோவுக்கு மட்டும் குடுத்தது சென்யோரா."

"அதைத்தான் அவரும் சொன்னார். அதுக்காக எங்களைப் பார்க்க வெச்சுட்டுச் சாப்பிட முடியுமா, பாவம்?"

ஒடிலியா திரும்பி வந்து டப்பாவை ரத்து செய்தாள். இனிமேல் மதியம் இரண்டு மணிக்கு, அவர் வீட்டிலேயே, அவள் கண் முன்னால் சாப்பாடு. அவள் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு கவளத்தையும் குறித்துக்கொள்வாள். இதில் யாரும் ஓட்டை போட முடியாது என்று நினைத்தாள்.

டான் ஹெர்மிலோவின் மனைவி டோன்யா பிரிஸ்காவை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

"வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி வெறும் மேஜையா?" என்றாள் டோன்யா பிரிஸ்கா, தட்டை நங்கென்று வைத்து.

"நான் வேலையா வந்திருக்கேம்மா. குறிப்பு எடுக்கணும்."

"வேலை செய்யறவங்களுக்குத்தானே, கண்ணு, பசிக்கும்?"

பன்றி இறைச்சி போட்ட மோலே குழம்பு, எள் தூவி, கருப்பாகப் பளபளத்தது. பக்கத்தில் துணியில் சுற்றிய சோள ரொட்டி. டான் ஹெர்மிலோ கைகளை மடியில் வைத்துக் காத்திருந்தார்.

"சாப்பிடுங்க," என்றாள் ஒடிலியா.

"விருந்தாளி முதல்ல."

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். அவரும் ஒரு வாய் சாப்பிட்டார். அவள் நிறுத்தினாள். அவரும் நிறுத்தினார். அவர் இரண்டாவது தட்டு வாங்க வேண்டுமென்றால் அவள் இரண்டாவது தட்டு வாங்கியாக வேண்டும் என்பது அரை மணி நேரத்தில் தெளிவாகிவிட்டது. அறிவியலுக்காக ஒடிலியா வாங்கினாள். பிறகு மூன்றாவது தட்டும் வாங்கினாள்.

அப்படியே இரண்டு வாரம் ஓடியது. ஆறாம் வார முடிவில் அவர் எடை அறுபத்தொன்று இருநூறு. அவள் எடை நான்கு கிலோ கூடியிருந்தது.

"என்ன ஒடிலியா," என்றார் அர்ரியாகா அவளை மேலும் கீழும் பார்த்து, "பத்தாவது ஆளை மாத்திட்டியா?"

மூச்சு விட்டுப் பேச முடியாத அளவுக்கு அவள் பாவாடை இடுப்பில் இறுக்கியது.

அவர் உடம்பு எங்கேயோ உழைத்துச் சாப்பிட்டதையெல்லாம் எரித்துவிடுகிறது என்று தீர்மானித்தாள். மாடிப்படி ஏறக் கூடாது என்றாள். அலுவலகம் போக வர டாக்ஸி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் மனைவியோடு ஆடுகிற ஆட்டத்தையும் நிறுத்தினாள். டான் ஹெர்மிலோ பெஞ்சில் கை கட்டி உட்கார்ந்தார். கூட ஆடுகிறவர்கள் அவருக்குக் கடைசிக் காலம் வந்துவிட்டதென்று பயந்து, கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, சர்க்கரைவள்ளி மிட்டாய் வாங்கி வந்து கையில் திணித்தார்கள். அவர் அதைப் பிரித்து, "வாங்க, சாப்பிடலாம்," என்றார்.

எட்டாம் வாரம் வந்தது. அறுபத்தொன்று இருநூறு.

இரண்டாவது ஊசி போட்டு எடுத்த கொழுப்பை ஒடிலியா தானே பரிசோதித்தாள். கதவைத் திறக்கும் புரதம் இருந்த இடத்தில் இருந்தது. ஒரு செல்கூட வீங்கவில்லை. ஈரல் சுத்தம், ரத்தம் சுத்தம். தினமும் மூன்று தட்டு மோலே அந்த மனிதருக்குள் போய் எங்கேயோ மாயமாகியிருந்தது. அவள் ஆய்வகத்தின் குளிர்பெட்டி மேல் தலையைச் சாய்த்து அழுதாள். இத்தனை வருடம் படித்து, அம்மாவை நினைத்து நினைத்து உழைத்து, கடைசியில் கிடைத்தது ஐந்தரைக் கிலோ சதை, அதுவும் அவள் உடம்பில்.

அர்ரியாகா பரிசோதனை முடிவுத் தாளை வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"நீ கண்ணால பார்த்தியா, இவ்வளவும் சாப்பிட்டாரா?"

"கூடவே சாப்பிட்டேன் டாக்டர்."

"பைத்தியமே! எதுக்கு அழுவுற? வண்டி வண்டியாத் தின்னும் ஏறாத மனுஷன்! ஈரலும் சுத்தம்! கதவுக்கு உள்பக்கமாப் பூட்டுப் போட்டுப் பிறந்திருக்காரு. தோல்வி இல்ல இது, கண்டுபிடிப்பு!"

"ஒரே ஒருத்தரை வெச்சு எப்படிச் சொல்றது டாக்டர்?"

"அந்த ஒருத்தர் நம்மகிட்ட இருக்காரே, அது போதும்."

அவர் அன்றே மானியக் குழுவுக்கு எழுதினார். குழுவின் தலைவி டாக்டர் லியோகாடியா மோந்தியேல் தலைநகரிலிருந்து நேரில் புறப்பட்டு வந்தாள், அந்த அதிசய உடம்பைப் பார்க்க. நிலையத்தில் சந்திக்கலாம் என்று அர்ரியாகா சொன்னதை டோன்யா பிரிஸ்கா ஏற்கவில்லை.

"அவ்வளவு தூரத்துல இருந்து வர்றவங்களை ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல உட்கார வைப்பீங்களா? வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

மதியம் இரண்டு மணிக்கு ஐந்து பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டான் ஹெர்மிலோ எல்லோரும் பார்க்க மூன்று தட்டு சாப்பிட்டார். டாக்டர் மோந்தியேல் கண் இமைக்காமல் பார்த்தாள். அவளும் இரண்டு தட்டு சாப்பிட்டிருந்தாள், வேறு வழியிருக்கவில்லை.

"உங்க ரகசியம்தான் என்ன டான் ஹெர்மிலோ?"

"ரகசியம் ஒண்ணும் இல்லைங்க. டாக்டருங்க சொல்றதைச் செய்வேன். மறுத்துப் பேசுற பழக்கம் இல்லை."

டாக்டர் மோந்தியேல் பையிலிருந்து தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஐந்து வருடத்துக்கு மானியம். ஒடிலியாவுக்கு நிரந்தர வேலை. இந்தப் பூட்டின் சூட்சுமம் பிடிபட்டால், இனி எத்தனையோ பேர் ஊசியோடும் ஊன்றுகோலோடும் வாழ வேண்டியிருக்காது என்று அவள் சொன்னபோது ஒடிலியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மா இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, பசியோடு ரொட்டியைப் பிய்த்தாள்.

டாக்டர் மோந்தியேல் கையெழுத்திட்டு, பேனாவை ஒடிலியாவிடம் நீட்டினாள். வாசலில் மணி அடித்தது.

டோன்யா பிரிஸ்கா போய்க் கதவைத் திறந்தாள். "அடடே, வாங்க வாங்க! எப்பவும் சாயங்காலம்தானே வருவீங்க? நல்ல நேரத்துக்கு வந்தீங்க, உட்காருங்க, ஒரு தட்டு சாப்பிடுங்க."

வெள்ளை உடுப்பு அணிந்த ஒரு நர்ஸ், தோளில் சிறிய ஐஸ் பெட்டியோடு உள்ளே வந்து, மேஜையில் இருந்தவர்களைப் பார்த்துக் கூச்சத்தோடு நின்றாள். ஊரின் மறுகோடியில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் அவள் சட்டைப் பையில் தைத்திருந்தது.

"ஒரு நிமிஷம் மன்னிக்கணும்," என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லிவிட்டு டான் ஹெர்மிலோ எழுந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஒழுங்காக மடித்துவிட்டு, அவள் பக்கம் நீட்டினார்.

"இன்னைக்கு ஊசி இல்ல ஐயா, நன்றி சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்," என்றாள் நர்ஸ். "கொழுப்பைக் கரைக்கிற மருந்தை எட்டு வாரமா உங்களுக்குப் போட்டும் ஒரு கிராம்கூட இறங்கலை, மருந்து உதவாதுன்னு எங்க டாக்டர் நேத்தோட ஆராய்ச்சியையே இழுத்து மூடிட்டார்."